விட்டுவிடுகிறேன்

அட்டையில் மூன்று இடத்தில் அந்தச் சொல் இருந்தது. இரண்டாம் பூசை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. திருமுழுக்குக்கு நின்ற நாலு குடும்பம் மட்டும் முன்பெஞ்சுகளில். பீடத்து வேலை பார்க்கும் கோயில்பிள்ளை சவரிராயன் ஆளுக்கொரு அட்டையை நீட்டிக்கொண்டே, "தடிச்ச எழுத்துல இருக்கது நீங்க சொல்லணும். மெலிசா இருக்கது சாமி கேப்பாங்க. மாத்திறாதீங்க. போன மாசம் ஒரு தகப்பன் சாமியைப் பார்த்தே சாத்தானை விட்டுவிடுகிறீர்களான்னு கேட்டுட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மெலானியின் புருஷன் கிளாட்வின் தொடையைத் தட்டிச் சிரித்தான். மெலானி சிரிக்கவில்லை. அவள் மடியில் நாற்பத்தாறு நாள் பிள்ளை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது, வெள்ளைக் கவுனுக்கு மேலே கன்னம் மட்டும் சிவந்து. விட்டுவிடுகிறேன். நாலு வரி கீழே மறுபடியும், விட்டுவிடுகிறேன். அடி ஓரத்தில் யாரோ காப்பி சிந்திய கறைக்குப் பக்கத்தில், விட்டுவிடுகிறேன். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று, கீழே பளிங்குத்தரை பளபளக்க, மூன்று தடவை. எத்தனையோ சொல் இருக்க இந்தச் சொல்தானா ஆண்டவரே. வெறுக்கிறேன் என்று போட்டிருக்கலாம். ஒழிந்து போ என்று போட்டிருக்கலாம், அவளே முதல் ஆளாகக் கத்தியிருப்பாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி.

அது அவளுக்குப் பழக்கமான சொல். பிள்ளை பிறந்த பத்தொன்பதாம் நாள் காலையில் வந்தது. பிள்ளைக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது, இளவெயில் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால் ஏழு மணிக்கு மொட்டை மாடிக்குக் கொண்டுபோயிருந்தாள். மூணு மாடி. தூத்துக்குடியில் அந்த நேரத்துக்கே காற்று சேலையைப் பிடித்து இழுக்கும். தூரத்தில் ஹார்பர் கிரேன்கள் நின்றன, உப்பின் வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. கைப்பிடிச்சுவர் அவள் இடுப்புக்குத்தான் வரும். கீழே பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு யாரிடமோ சில்லறைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், அவருடைய வழுக்கை மேலிருந்து ஒரு நாணயம்போலத் தெரிந்தது, அவளுக்குச் சிரிப்புகூட வந்தது, அந்தச் சிரிப்பு முடியும் முன்னே அது. விட்டுடு. பயங்கரமான குரலாக இருந்தால் அவள் அப்போதே சிலுவை போட்டிருப்பாள். அது அவளுடைய குரலேதான். அடுப்பை அணைச்சுடு, தண்ணிமோட்டாரை நிப்பாட்டிடு என்பதுபோல, வீட்டுக்காரியத்தில் ஒரு காரியமாக, விட்டுடு. கை இரண்டும் பிள்ளையை இறுக்கிக்கொண்டன. அவள் பின்னால் நடந்தாள், திரும்பாமல், பின்னாலேயே, மாடிப்படிக் கதவு முதுகில் இடிக்கும்வரைக்கும், பிறகு தரையில் உட்கார்ந்து ஒரு படி, உட்கார்ந்து ஒரு படி என்று குழந்தைகள் இறங்குவதைப்போல இறங்கி வந்தாள். மாமியார் ஜெசிந்தா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏ பிள்ள, தையல் வலிக்கா?" என்று கேட்டாள். ஆமா மாமி என்றாள். பத்தொன்பதாம் நாள் சொன்ன பொய். அதுவும் பாவக்கணக்கில் சேர்ந்துகொண்டது.

அன்றிலிருந்து இருபத்தேழு நாள். மாடிக்குப் போகவில்லை. பால்கனிக் கதவைத் தாழ் போட்டாள், தாழின்மேல் துண்டைக் கட்டினாள். "நீ பிள்ளையப் பாக்கதவிட கதவத்தான் கூடப் பாக்க" என்று கிளாட்வின் கேலி பண்ணினான். ஹார்பரில் லாரிக்குச் சீட்டுப் போடுகிற வேலை அவனுக்கு, எண்ணிக்கை தவறினால்தான் உலகம் முடியும், மற்றதெல்லாம் கேலி. உட்கார்ந்து வைத்திருக்கலாம், படுத்துப் பால் கொடுக்கலாம்; நின்றால் வரும். மொசைக் தரையைப் பார்த்தால் வரும், அம்மிக்கல்லைப் பார்த்தால் வரும், வாளித்தண்ணீரைப் பார்த்தால் வரும். வந்தவுடனே கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, முழங்கைவரை, தோல் வெடிக்கிற மட்டும். முப்பத்து மூன்று தடவை அருள்நிறை மரியே சொன்னால் அன்றைக்கு வராது என்று தானாகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். இருபத்தொன்பதில் பிள்ளை சிணுங்கும், எண்ணிக்கை போய்விடும், மறுபடி ஒன்று. முப்பத்திரண்டில் மாமி, "அரிசி ஊறப் போட்டியா" என்பாள், மறுபடி ஒன்று. ஒரு நாள் முழுக்க ஒன்றிலேயே கிடந்தாள். வீட்டில், பரவாயில்லையே, மருமகள் பக்தியாகிவிட்டாள் என்றார்கள். மாமி மாதா கோயில் மாதர் சங்கத்தில் போய்ச் சொல்லியும் வந்தாள். "எப்பப் பாத்தாலும் உதட்டுல ஜெபம்தான் கேட்டியா, கான்வெண்ட்டுல வளத்த பிள்ளை வளத்த பிள்ளைதான்."

கான்வெண்ட். சிஸ்டர் கொன்சோலாத்தா ஞானோபதேச வகுப்பில் கரும்பலகையில் ஆத்துமத்தை வரைவார், ஒரு கைக்குட்டை மாதிரி நாலு மூலையோடு, அதில் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, வெள்ளை வெளேர் என்று ஆக்கிவிட்டு, விரலால் ஒரு புள்ளி. கெட்ட எண்ணம் வாசல்வரைக்கும் வரும் பிள்ளைகளே, அது பாவமில்லை, யார் வீட்டு வாசலுக்கும் யாரும் வரலாம். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால் பாவம். எட்டாம் வகுப்பில் அது எவ்வளவு எளிதாக இருந்தது. அப்போது வாசலுக்கு வந்த எண்ணமெல்லாம் பக்கத்து டெஸ்க்காரியின் கலர்ப் பென்சில்தான். இப்போது யோசித்தால், தினமும் வருகிறவனுக்கு நாற்காலி எதற்கு, அவன் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டானா? காலையில் வருகிறான், பல் தேய்க்கும்போது வருகிறான், அவன் இன்னும் வரவில்லையே என்று அவளே எட்டிப் பார்க்கிறாள். அப்படி எட்டிப் பார்ப்பது வரவேற்பதுதானே? சாவான பாவத்துக்கு மூன்று வேண்டும், கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். கனமான காரியம், ஆமாம். முழு அறிவு, ஆமாம், தூக்கமில்லாத அறிவு, ஆனால் அறிவு. முழுச் சம்மதம். இங்கேதான் ஒவ்வொரு முறையும் நூல் சிக்கிக்கொள்கிறது. சம்மதிக்கவில்லை என்றால் ஏன் திரும்பத் திரும்ப. நேற்றுச் சாயங்காலம் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டபோது, கம்பிவலைக்கு அந்தப்பக்கம் புதுசாக வந்த உதவிப் பங்குச்சாமி இருமினார், அவள் நாலு பாவம் சொன்னாள். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், மாமியாரைப் பற்றிப் புருஷனிடம் கோள் சொன்னேன், பூசைக்கு வரவில்லை. ஐந்தாவது நாக்குவரைக்கும் வந்தது. "வேற?" என்றார் சாமி. வேற ஒண்ணுமில்ல சாமி. மனஸ்தாப மந்திரம் சொல்லுங்கம்மா என்றார். சின்ன வயதில் அவள் அதைத் தப்பாகத்தான் புரிந்துவைத்திருந்தாள். மனஸ்தாபம் என்றால் சண்டை, பெரியம்மா வீட்டோடு மனஸ்தாபம், போக்குவரத்து இல்லை. அதனால் இது சேசுவோடு காய்விடுகிற மந்திரம், பாவம் செய்த பிள்ளைகளோடு அவர் காய், அவள் பயந்து பயந்து சொல்வாள். பாவத்துக்காக மனம் வெந்து நோவதுதான் மனஸ்தாபம் என்று பிற்பாடு தெரிந்தது. நேற்று மறுபடியும் அந்த ஏழு வயசு அர்த்தமே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பாவத்தை மறைத்துவிட்டு அந்த மந்திரத்தைச் சொல்கிறாள், சேசுவோடு காய்.

அதனால்தான் இன்று பூசையில் நன்மை எடுக்கவில்லை, மறைத்த பாவத்தோடு அந்த அப்பத்தை நாக்கில் வாங்கக்கூடாது. வரிசை நகர்ந்தபோது பிள்ளை அழுகிறது என்று வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். மாமியின் கண்ணுக்குத் தப்புமா. "பிள்ள அழவே இல்லயே, தூங்குன பிள்ளைய எதுக்குத் தூக்கிட்டு ஓடுன?" என்று பூசை முடிந்ததும் கேட்டாள். பால் கட்டிக்கிச்சு மாமி என்றாள், அது உண்மைதான், ரவிக்கையின் இடப்பக்கம் ஈரம், பாலும் வேர்வையும் கலந்த புளிப்பு வாசனை தனக்கே அடித்தது. இந்தக் கறையோடு, இந்தக் கையோடு, ஒரு புள்ளி இல்லாத ஆத்துமத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோவது யார்? தாய் அழுக்காக இருந்தால் பிள்ளைக்கு ஒட்டுமா? ஒட்டாது என்று ஞானோபதேசம் சொல்லும். ஆனாலும். ஒரே ஒரு ஆறுதல் வைத்திருந்தாள். பிள்ளையைப் பிடிப்பது ஞானத்தாய். வழக்கம் அதுதான், இந்த ஊரில் பெற்றவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், ஞானத்தாய்தான் தண்ணீர்த்தொட்டியடியில் ஏந்திப் பிடிப்பாள். ஞானத்தாய் கிளாட்வினின் அக்கா ஒலிம்பா, இரண்டு பையன்களை வளர்த்த புஜம், கட்டுமரத்தையே தூக்குவாள். ஒலிம்பா மதினி பிடித்துக்கொள்ளட்டும், நான் தள்ளி நின்று, வெறுங்கையோடு, எத்தனை விட்டுவிடுகிறேன் வேண்டுமானாலும் சொல்கிறேன். அந்தக் கணக்கோடுதான் இருபத்தேழு நாளையும் ஓட்டினாள். அப்போது அதே புதுச் சாமி உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். இருபத்தெட்டு வயசு இருக்கும், நெற்றியில் பரு, வெள்ளை அங்கியின் கை நீளமாகத் தொங்கியது. "எல்லாரும் கேளுங்க. பிள்ளையை அம்மாமார்தான் பிடிக்கணும். ஞானத்தாய் தோள்ல கை வச்சா போதும். வார்த்தைப்பாடு குடுக்கது பெத்தவங்க. பிள்ளைய வேற ஆள் கையில குடுத்துட்டுச் சொல்லக்கூடாது." பின்பெஞ்சில் மாமியின் குரல், சாமிக்குக் கேட்கட்டும் என்றே: "நேத்து வந்த சாமி, நூறு வருச வழக்கத்த மாத்துதாரு. இனி பொம்பளைங்களே பூசை வைங்கன்னும் சொல்லுவாரு." யாரோ சிரித்தார்கள். மெலானிக்குக் காது அடைத்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும், டக், டக், டக், ஒவ்வொரு டக்கிலும் அது, விட்டுடு, விட்டுடு.

"மதினி." பக்கத்தில் இருந்த ஒலிம்பா குனிந்தாள், மல்லிகைப்பூ வாசனை. "என்ன பிள்ள?" "என்னால பிடிக்க முடியாது." "கை வலிக்கா?" "கீழ போட்டுருவேன் மதினி." ஒலிம்பா சிரித்தாள். தலைப்பிள்ளைக்கு எல்லாருக்கும் அப்படித்தான், நான்கூட ரெக்சனை முட்டை மாதிரிதான் பிடிச்சேன் என்று ஆரம்பித்தாள். மெலானி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை, தைரியம்கூட இல்லை, வழி அடைபட்ட தண்ணீர் எதிலாவது உடைத்துக்கொண்டு போகுமே அதுதான். "கை தவறிப் போட்டுருவேன்னு சொல்லல. போடுன்னு வருது. எனக்குள்ள. நின்னா வருது. நேத்து சாமிட்டகூடச் சொல்லல." சொல்லிவிட்டாள். வெளியே வந்த சொற்கள் மூன்றாம் மனுஷர்போல நின்றன, அவ்வளவு சின்னதாக, அவ்வளவு கேவலமாக. ஒலிம்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. இனி பிள்ளையைப் பிடுங்குவாள், கிளாட்வினைக் கூப்பிடுவாள், மாமி மாரில் அடிப்பாள். ஒலிம்பா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கு அரிவாமணை" என்றாள், உதடு அசையாமல். "என்ன மதினி?" "ரெக்சனுக்கு மூணு மாசம். மீன் அரிய உக்காந்தா வரும். பிள்ள பக்கத்துல பாயில கிடக்கும், எனக்கு வரும். ரெண்டு மாசம் மீனே வாங்கல. கடக்கரையில குடியிருந்துக்கிட்டு மீனு இல்லாம. ஒங்க அண்ணன் கருவாட்டத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போயி, ஒனக்கு என்ன வேளாங்கண்ணிக்கு நேத்திக்கடனான்னு கேட்டாரு." "யார்ட்டயும் சொல்லலையா?" "ஒன்ட்டதான் இப்பம் சொல்லுதேன், பதினோரு வருசம் கழிச்சு." இரண்டு பேரும் பீடத்தைப் பார்த்தபடியே இருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தால் கோயிலுக்குள் என்ன நடக்கும் என்று தெரியவில்லை, அழுகையா சிரிப்பா. "நாளைக்கு டாக்டரம்மாட்ட போவோம். நானும் வாரேன். நான் போவாமத்தான் ரெண்டு மாசம் செத்தேன்" என்றாள் ஒலிம்பா. பிறகு அட்டையால் விசிறிக்கொண்டே, "எந்தி, கூப்பிடுதாரு."

எழுந்தாள். நிற்கிறாள். எத்தனை நாளுக்குப் பிறகு பிள்ளையோடு நிமிர்ந்து. பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமி வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார், கிளாட்வின் "எஸ்தெல்" என்றான், குரல் உடைந்தது, கேலிக்காரனுக்கு. தோளில் ஒலிம்பாவின் கை, கனமாக, சூடாக. மதினிக்கும் வந்திருக்கிறது. ஆனால் மதினிக்கு வந்தது சொல் இல்லாமல் வந்தது, இரும்பாக வந்தது, மீன் வாங்காமல் இருந்தால் போயிற்று. எனக்கு வந்ததைத்தான் இப்போது வாயால் சொல்லப் போகிறேன், சொன்னால் கை கேட்டுவிட்டால்? கைக்கு என்ன தெரியும், வாய் சொன்னதைக் கை செய்யும், இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். பாவத்தை விட்டுவிடுகிறீர்களா, என்றார் சாமி. எல்லோரும் சொன்னார்கள். அவள் உதடு மட்டும் பிரிந்தது, காற்று வந்தது, எழுத்து வரவில்லை. கை நெஞ்சோடு இறுகியது. தீமையின் மயக்கங்களை விட்டுவிடுகிறீர்களா. விட்டு, என்றாள், பாதியோடு நின்றது, கை இன்னும் இறுகியது, பிள்ளை தூக்கத்தில் முனகியது. இறுகுகிறதே. இந்தக் கை இறுகுகிறதே. அன்றைக்கு மாடியிலும் இறுகித்தானே போயிற்று. விட்டுடு என்று வந்தபோதெல்லாம் இந்தக் கை என்ன செய்தது? ஒரு தடவையாவது தளர்ந்ததா? சம்மதம் சம்மதம் என்று தலைக்குள் தேடிக்கொண்டிருந்தேனே, கையைக் கேட்டேனா? அப்போதுதான், எங்கிருந்தோ, சிஸ்டர் கொன்சோலாத்தாவின் பிரம்பு மேஜையில் தட்டியது. ஞானோபதேச சிஸ்டர் இல்லை, மத்தியான சிஸ்டர், அதே சிஸ்டர்தான் சாப்பாட்டுக்குப் பிறகு இலக்கணமும் எடுப்பார், தூங்கி விழுகிற பிள்ளைகளுக்கு. செயப்படுபொருள் தெரியலையா, முழிக்காதே, வினைச்சொல்கிட்டயே போய்க் கேளு. எதை? யாரை? பதில் வந்தா அதுதான். விட்டுடு. எதை? யாரை? அவள் கேட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. இருபத்தேழு நாளும் அந்தக் குரல் ஒரு தடவைகூட எதை என்று சொல்லவில்லை. பிள்ளையை என்று அவளே சேர்த்துக்கொண்டாள், பயம் சேர்த்தது, ஒவ்வொரு தடவையும் அவன் பாதியைச் சொன்னான், மீதியை இவள் எழுதிக்கொடுத்தாள். இதோ அட்டையில் மெலிந்த எழுத்தில் முழு வாக்கியம் இருக்கிறது. ஐ உருபோடு இருக்கிறது. சாமி வாயைத் திறக்கிறார். சாத்தானை.

சாத்தானை விட்டுவிடுகிறீர்களா? கேள்வி முடிந்ததா என்றுகூட அவள் பார்க்கவில்லை. "விட்டுவிடுகிறேன்!" மற்ற மூன்று குடும்பமும் அட்டையில் இடம் தேடிக்கொண்டிருந்ததால் அவள் குரல் மட்டும் தனியாகப் போயிற்று, தூணில் பட்டு, கூரையின் நீல வர்ணத்தில் பட்டு, வாசல் வரைக்கும் போய்த் திரும்பியது. விட்டுடு என்றாயே, விட்டேன், உன்னைத்தான். தினமும் வந்தாயே, நாற்காலியோடு போ. புறாக்கள் படபடத்தன. கோயில்பிள்ளை சவரிராயன் மெழுகுதிரியைக் கொளுத்தப் போனவர் நின்று திரும்பினார். கிளாட்வின் வாயைத் திறந்தபடி பார்த்தான். பின்னால் மாமி, "ஏ மாதாவே, சாத்தான் இந்நேரம் கொழும்பு தாண்டிருப்பான்" என்றாள், இந்த முறை சிரிப்பு பீடம்வரைக்கும் வந்தது, சாமியே சிரித்துவிட்டார், பரு சிவந்த நெற்றியோடு. மெலானியும் சிரித்தாள், கண்ணீர் மூக்கில் இறங்கி உதட்டில் உப்புக் கரித்தது. உள்ளே தேடிப் பார்த்தாள், கைக்குட்டையைத் தேடினாள், நாலு மூலை, புள்ளி எங்கே என்று. கைக்குட்டையே இல்லை. அங்கே காற்று வீசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஐந்தாவது பாவத்தைச் சாமியிடம் சொல்வாள், இன்றைக்கே, இந்தச் சடங்கு முடிந்த கையோடு; பாவமா இல்லையா என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும், சொல்வது அவள் வேலை. மறுபடி வருமா? வரட்டும். வந்தால் அவளுக்குக் கேட்கத் தெரியும், எதை, யாரை.

"யார் முதல்ல வாரீங்க?" சாமி கேட்டு முடிக்கும் முன்னே அவள் நடந்துவிட்டாள். இரண்டு படி. கல்தொட்டியின் விளிம்பு அவள் இடுப்புக்கு இருந்தது, உள்ளே தண்ணீர், அடியில் கருங்கல். பிள்ளையை முன்னால் நீட்டினாள், தலை ஒரு கையில், முதுகு ஒரு கையில், நெஞ்சைவிட்டுத் தள்ளி, வெறும் காற்றின்மேல், கல்லின்மேல். பிதாவின் பெயரால் என்று ஒரு ஊற்று, எஸ்தெல் கண்ணைத் திறந்தாள். சுதனின் பெயரால், முகம் கோணியது. பரிசுத்த ஆவியின் பெயரால் என்றபோது அவள் போட்ட கூச்சலில் மற்ற மூன்று பிள்ளைகளும் எழுந்துகொண்டன, கோயில் முழுக்க அழுகை, ஊற்றின தண்ணீர் மெலானியின் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடி, வெடித்த தோலில் காந்தி, சேலையை நனைத்தது. நல்ல குளிர்ச்சி. பிள்ளை உதைத்தாள், நெளிந்தாள், மீன்போல வழுக்கினாள், ஒவ்வொரு நெளிவுக்கும் விரல்கள் தானாக இடம் மாற்றிப் பிடித்துக்கொண்டன, யாரும் சொல்லாமலேயே. ஒலிம்பா துண்டை விரித்துக்கொண்டு கிட்டே வந்தாள், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "இங்க குடு பிள்ள, துடைக்கமட்டும் நான் பிடிக்கேன்" என்றாள்.

"வேண்டாம் மதினி. நீங்க துடைங்க. நானே வச்சிருக்கேன்."